இரண்டாவது கையெழுத்து

அன்பு நண்பா,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். அடுத்து என்ன என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபையில் உன்னைப் பொருளாளராக்கிய கையோடு, காசோலையில் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்களாம். "இத்தனை வருஷம் பழகியும் என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். உன் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் கமிட்டி பக்கம்தான். அடிக்க வராதே.

எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தாரே, நினைவிருக்கிறதா? அவரைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? அப்படியும் அந்தப் பொறுப்பை அவர் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார்.

அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாம் செய்ததும் இதே மாதிரிதான். 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் அவரும் உடன் ஊழியர்களும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தார்கள். பணம், பெண்கள் விஷயம், மற்ற சபைகளைக் குறை பேசுவது, கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது என்று நான்கு வந்தன. நான்காவதைப் பாவம் என்றே நம்மில் பலர் நினைப்பதில்லை! அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பெரிய பேர் வருவதற்கு முன்பே வேலி போட்டுக்கொண்டார்கள்.

இச்சையடக்கம் என்றாலே சோதனை வரும் நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில், அந்த நேரம் வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. சபைப் பணத்தில் கை வைப்பவன் திருட வேண்டும் என்று ஆரம்பிப்பது அபூர்வம். அவசரத்துக்குக் கொஞ்சம் எடுப்பான், திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்பான். காணிக்கையை உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணி, நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, கதவைத் திறக்கும் முன்பே இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் திங்கட்கிழமைக்கு வேலையே இல்லை.

யோசேப்பின் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு வசனம் உண்டு. எகிப்தில் அடிமையாக இருந்த அவன் வேலைக்காக எஜமானின் வீட்டுக்குள் போன அன்று, வீட்டு மனிதர் ஒருவரும் அங்கே இல்லை. அதற்கு முன்பு எஜமானின் மனைவி தன்னோடு சேரும்படி நாள்தோறும் கேட்டும், அவளோடு இருக்கக்கூட அவன் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு அவள் வஸ்திரத்தைப் பிடித்தபோதும் நின்று விவாதம் பண்ணவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஆனால் அவள் அவன்மேல் பழி போட்டபோது, அவன் பக்கம் பேச ஒரு சாட்சி இல்லை. விட்டுப்போன வஸ்திரமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நேர்மையாக இருந்தவனுக்குச் சிறைதான் கிடைத்தது. பிரசங்கங்களில் இந்த இடத்தில் நிற்காமல் நேரே அவன் பின்னால் உயர்வு பெற்ற பார்வோன் அரண்மனைக்குப் போய்விடுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. நாளைக்கு யாராவது உன்மேல் பழி சொன்னால், உன் பக்கம் நின்று பேச ஒரு ஆள் வேண்டாமா? அந்த இரண்டாவது கையெழுத்தை அப்படிப் பார்.

அப்புறம், கமிட்டிக் கூட்டத்தில் நீ போட்ட சத்தம். அதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தாய்! உன் பண விஷயத்தில் எனக்கு ஒரு பயமும் கிடையாது, உன் வாய்தான் எனக்குப் பயம். தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பட்டணம்போல் இருக்கிறான் என்று நீதிமொழிகளில் இருப்பது நம் இரண்டு பேருக்கும் மனப்பாடம். அந்தச் செயலாளர் தம்பி வயதில் சின்னவர். எல்லார் முன்னாலும் அவரை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீயாகப் போய் அவரிடம் பேசு. காரணம் எதுவும் விளக்காதே, மன்னிப்பு மட்டும் கேள். கூடவே வங்கிப் படிவத்தையும் எடுத்துப் போய், அவரையே கையெழுத்துப் போடச் சொல்லேன்.

என்ன ஆயிற்று என்று எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய நண்பன்