கழிக்கச் சொன்னோம், ரத்தாகிவிட்டது

அனுப்புநர்:
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்,
நூல் மொத்த வியாபாரம், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பில்லிங் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: உங்கள் எம்சிபி சர்வரின் டூல் விளக்கங்களில் உள்ள குறைபாடு, அதனால் ரத்தான இ-இன்வாய்ஸ் தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் பில்லிங் மென்பொருளை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறோம். அதன் மேல் எங்களுக்குக் குறை இல்லை. ஏஐ ஏஜென்டோடு (நாம் தட்டுவதைப் புரிந்துகொண்டு தானே வேலையைச் செய்யும் ஏஐ உதவியாளர்) இணைத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த எம்சிபி சர்வரைப் பற்றியதுதான் இந்தப் புகார். ஏஜென்ட் உங்கள் மென்பொருளை இயக்குவதற்கான இணைப்பு அது; அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'டூல்' இருக்கிறது.

போன மாதம் சென்னிமலை வாடிக்கையாளர் ஒருவருக்குக் காலையில் 6 மூட்டை நூலுக்கு இ-இன்வாய்ஸ் போட்டோம். நூலின் கவுண்ட் (பருமன்) மாறிவிட்டது என்று சாயங்காலமே 2 மூட்டை திரும்பி வந்தது. பில் போடும் தம்பி ஏஜென்டிடம், "ரெண்டு மூட்டை ரிட்டர்ன் வந்திருக்கு, அந்த பில்லுல கழிச்சிடு" என்று தட்டினார். இதற்குப் போட வேண்டியது கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழிக்கும் தனி ஆவணம்). ஏஜென்டோ 'கேன்சல் டாக்குமென்ட்' டூலை எடுத்து முழு பில்லையும் ரத்து செய்துவிட்டது. 24 மணி நேரம் ஆகாததால் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலும் ரத்தை ஏற்றுக்கொண்டது. ரத்தான பில் நம்பரில் திரும்ப ஐஆர்என் (இ-இன்வாய்ஸுக்குப் போர்ட்டல் தரும் பதிவு எண்) எடுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். வாடிக்கையாளர் அதற்குள் பழைய பில்லைத் தன் கணக்கில் ஏற்றிவிட்டார். புது நம்பரில் பில் போட்டு, அவருடைய ஆடிட்டருக்குக் கடிதம் கொடுத்துச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. பதினைந்து வருடப் பழக்கம் உள்ளவர் அவர். அவரிடம் போய் இதை விளக்கிச் சொல்ல வேண்டி வந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

உங்கள் சப்போர்ட் பிரிவிடம் கேட்டபோது, "அது மாடலின் தவறு, பெரிய மாடலுக்கு மாறுங்கள்" என்று பதில் வந்தது. (ஏஜென்டுக்குப் பின்னால் இருந்து யோசிக்கும் ஏஐதான் மாடல்.) மாறினோம். கூடுதல் செலவுதான் மிச்சம், அதே மாதிரி வார்த்தைக்கு அதே தவறு திரும்ப வந்தது. (சோதனைக் கணக்கில் பார்த்ததால் இந்த முறை சேதம் இல்லை.) அப்புறம்தான் உங்கள் சர்வர் மாடலுக்கு என்னதான் அனுப்புகிறது என்று திறந்து பார்த்தோம்.

மாடலுக்கு உங்கள் கோடு (மென்பொருள் நிரல்) தெரியாது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு, இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். நீங்கள் எழுதியிருக்கும் விளக்கம் இது: கேன்சல் டாக்குமென்ட், "ஆவணத்தை ரத்து செய்யும் அல்லது திருத்தும்." கிரெடிட் நோட்டுக்கான டூலின் பெயர் 'சிஎன் கிரியேட்', விளக்கம் "சிஎன் உருவாக்கும்." சரக்கு திரும்பினால் எதை எடுக்க வேண்டும், ரத்து என்றால் முழு பில்லும் போய்விடும், பகுதியாக ரத்து செய்ய முடியாது என்பதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் இந்த இரண்டு வரியைக் கொடுத்தாலும் அவனும் 'திருத்தும்' என்ற சொல்லைப் பார்த்து இதைத்தான் செய்திருப்பான்.

சந்தேகம் தீர, எங்கள் கடை ஆட்கள் நிஜமாக அனுப்பிய 30 செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல் சரி, என்ன உள்ளீடு சரி என்று முதலிலேயே எழுதி வைத்தோம். ஒரே செய்திக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வதால் மூன்று மூன்று தடவை ஓட்டினோம். எந்த டூலும் பொருந்தாத செய்திகளையும் சேர்த்தோம். "நாளைக்கு லோடு வருமா?" என்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும், இருப்பு டூலை ஓட்டக் கூடாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷன் காலிங் லீடர்போர்டிலும் (மாடல்கள் டூல்களைச் சரியாக எடுக்கின்றனவா என்று மதிப்பிடும் பட்டியல்) இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் விளக்கங்களோடு 90 ஓட்டத்தில் 31 தவறு. விளக்கங்களை மட்டும் நாங்களே திருத்தி எழுதி, பழைய சின்ன மாடலிலேயே ஓட்டியபோது 6 தவறு. மாடலையும் உங்கள் கோடையும் நாங்கள் தொடவே இல்லை.

தேதி உள்ளீடும் அப்படித்தான். 'ஃப்ரம்' என்று பெயர், வகை 'ஸ்ட்ரிங்' (வெறும் எழுத்துத் தொடர்), வேறொன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 5 என்று நினைத்து ஏஜென்ட் 05/08 என்று அனுப்பியது, உங்கள் சர்வர் அதை மே 8 என்று எடுத்துக்கொண்டது. வருடம்-மாதம்-நாள் என்று விளக்கத்தில் சேர்த்ததும் இந்தத் தவறு நின்றது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. எம்சிபி நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, ஒரு டூல் படிக்க மட்டும் செய்யுமா, எதையாவது அழிக்குமா என்று குறிப்பு வைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் 43 டூலுக்கும் 'ரீட் ஒன்லி' என்றே குறித்திருக்கிறீர்கள், ரத்து செய்யும் டூலுக்கும் சேர்த்து! படிக்கும் டூல்களைக் கேட்காமல் ஓடவிட்டு, மற்றவற்றுக்கு "செய்யலாமா?" என்று ஆளிடம் கேட்கும்படிதான் நாங்கள் அமைத்திருந்தோம். அந்தக் குறிப்பு சரியாக இருந்திருந்தால் தம்பி அன்றைக்கு 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார். நம்பிக்கையான சர்வர் என்றால் மட்டும் இந்தக் குறிப்புகளை நம்பச் சொல்கிறது நெறிமுறை. நாங்கள் உங்களை நம்பினோம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. 'அல்லது திருத்தும்' என்ற சொற்கள் கடைசி அப்டேட்டில்தான் சேர்ந்திருக்கின்றன. அப்டேட் குறிப்பில் அது இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கோடு எதுவும் மாறவில்லையே" என்றார்கள். ஏஜென்டைப் பொறுத்தவரை அந்த விளக்கம்தான் உங்கள் மென்பொருள். கோடில் ஒரு வரி மாற்றினால் சோதிக்காமல் வெளியிட மாட்டீர்கள். இதை மட்டும் ஏன் சோதிக்கவில்லை?

'ரீட் ஒன்லி' குறிப்பை உடனே திருத்துங்கள், மற்ற கடைகளிலும் இதே சர்வர்தான் ஓடுகிறது. ரத்து, கிரெடிட் நோட் இரண்டின் விளக்கத்திலும் எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் நிஜச் செய்திகளை வைத்து ஓட்டிப் பார்த்து, விளக்கம் மாறினால் அப்டேட் குறிப்பில் போடுங்கள். எம்சிபி வசதிக்காக நாங்கள் கட்டிய இந்த வருடக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் 30 செய்திகளையும், திருத்திய விளக்கங்களையும், 90 ஓட்டங்களின் பதிவையும் வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றை நீங்கள் தாராளமாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்
ஈரோடு