லேபிளின் பின்பக்கம்

சுங்கை சிப்புட்

அன்பு சரசு,

கடிதமும் லேபிள் படங்களும் கிடைத்தன. இங்கே தினமும் நாலு மணிக்கு மழை. துணியும் காய்வதில்லை, டப்பாவில் இருக்கும் பொடியும் கட்டி பிடிக்கிறது.

மூன்று கடைத் திரிபலாவில் எது நல்லது என்று கேட்டிருந்தாய். விலையைக் கடைசியில் பார். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றும் சம எடை என்பது ஒரு முறை. ஒன்று, இரண்டு, நாலு என்று நெல்லியைக் கூட்டுவது இன்னொரு முறை. இரண்டும் சரிதான். உன் முதல் பாக்கெட்டில் அளவே இல்லை, வெறும் ‘திரிபலா 100 கிராம்’. அதை எதோடு ஒப்பிடுவது?

அடுத்தது கொட்டை. கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்பார்களே, அதேதான். கொட்டையை நீக்கிச் சதையை மட்டும் அரைக்க வேண்டும். முழுக்காயை மில்லில் போட்டால் எடை கூடும், விற்பவருக்கு லாபம். கொட்டை நீக்கியது என்று போட்டிருக்கிறதா பார். ஒரு சிட்டிகையை நாக்கில் வை: துவர்ப்போடு புளிப்பும் தெரிய வேண்டும். புளிப்பே இல்லையென்றால் நெல்லி குறைவு. விரலில் தேய்த்து நறநறத்தால் கொட்டையாக இருக்கலாம். சரியாகச் சலிக்காத பொடியும் நறநறக்கும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதே.

இனி கணக்கு. பொடி 100 கிராம் 15 வெள்ளி (ரிங்கிட்), கிராமுக்கு 15 சென். கேப்சூல் 500 மில்லிகிராம், 60 கேப்சூல் 27 வெள்ளி. மொத்தமே 30 கிராம்தான், கிராமுக்கு 90 சென். உள்ளே இருப்பது அதே பொடி! மூன்றாவது 250 மில்லிகிராம், 10:1 எக்ஸ்ட்ராக்ட், பத்துப் பங்கு காயிலிருந்து ஒரு பங்காக இறக்கிய சத்து. அதாவது ஒரு மாத்திரைக்கு இரண்டரை கிராம் காய். தண்ணீரில் இறக்கியதா ஆல்கஹாலிலா என்று போடாததால் அந்த 10:1-ஐ நான் பெரிதாக நம்பமாட்டேன்.

உன் படங்களில் இருக்கும் இரண்டு பிராமி மூலிகைப் புட்டிகள்தான் பெரிய குழப்பம். ஒரு புட்டியில் பாகோபா மொன்னியேரி, அது நீர்ப்பிரம்மி. மற்றதில் சென்டெல்லா ஆசியாட்டிகா, அது வல்லாரை. நம் பசாரில் உலாமுக்கு, அதாவது பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு, கட்டுக்கட்டாக விற்கும் பெகாகாவேதான்! அதைக் காயவைத்து அடைத்ததற்கா 40 வெள்ளி? முன்பக்கப் பெயரை விடு, தாவரப் பெயரைப் பார்; வேரா, இலையா, முழுச்செடியா என்பதையும் பார்.

அடுத்து எம்.ஏ.எல். எண், அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண். அதில் இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தட்டி, அங்கே வரும் பெயரும் புட்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார். பதிவான பொருளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பாதரசம் 0.5-க்கு மேல் போகக்கூடாது. உன் பொடிப் பாக்கெட்டில் அந்த எண்ணே இல்லை.

மாமியார் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா, எதைக் கொடுப்பதானாலும் கிளினிக்கில் புட்டியைக் காட்டிவிட்டுக் கொடு. எக்ஸ்ட்ராக்ட் பெட்டியின் பின்பக்கம் மங்கலாக விழுந்திருக்கிறது. வெயிலில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பார்வதி