ஒரே ஹிட் பாட்டை ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரையும் கேக்க வைக்கிறத நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்: பஸ்ல தினமும் போய் வர்ற பயணிகள், கூடவே அந்த பஸ்கள்ல வேலை பாக்கிற சில ஊழியர்கள்

பெறுநர்: போக்குவரத்துத் துறை ஆணையர் அவர்கள்

பொருள்: பஸ், ஸ்டேஷன், காத்திருக்கிற ஹால் இங்கெல்லாம் ஒரே பாட்டுகளை ஸ்பீக்கர்ல திரும்பத் திரும்ப போடுறது சம்பந்தமா

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முதல்லயே ஒண்ண தெளிவா சொல்லிடுறோம். எந்தப் பாட்டையும் தடை பண்ணச் சொல்லி நாங்க எழுதல. எது நல்ல பாட்டு எது குப்பைப் பாட்டுன்னு ஒரு அரசு அதிகாரி உக்காந்து முடிவு பண்றதுல எங்களுக்கு துளியும் சம்மதம் இல்ல, அப்படி ஒரு லிஸ்ட் போட்டா அதை எதிர்த்து அடுத்த மனுவும் நாங்களே தான் எழுதுவோம். மனுவுல கையெழுத்து போட்டவங்க எல்லாரும் பாட்டு கேக்கிறவங்க, இதுல ரெண்டு பேர் மேடையில பாடுறவங்க. நாங்க கேக்கிறது ஒண்ணே ஒண்ணு தான், பாட்டை நிறுத்துற வசதி யார் கையில இல்லையோ அவங்க காதுல கட்டாயமா பாட்டை போடாதீங்க.

ஊரெல்லாம் கொண்டாடுற ஒரு பாட்டு மூணு மாசத்துல ஏன் கேக்கவே முடியாததா மாறுதுன்னு யோசிச்சுப் பாத்தா அந்தப் பாட்டு மேல தப்பு இருக்காது. இந்த மனுவை எழுதுற நான் ரொம்ப ஆசையா முதல் நாளே கேட்டு கூடவே பாடிக்கிட்டு திரிஞ்ச பாட்டு ஒண்ணு இருக்கு, இப்ப அதோட ஆரம்ப மியூசிக் வந்தாலே வயித்தைப் பிசையுது, ஏன்னா காலைல பஸ்ல, சாயங்காலம் பஸ்ல, நடுவுல பில் கட்டப் போற ஆபீஸ் ஹால்ல, கஸ்டமர் கேர்க்கு போன் பண்ணா லைன்ல காத்திருக்கிறப்பவும் அதே பாட்டு. இதுக்கு ஆராய்ச்சியும் இருக்குங்க ஐயா. ராபர்ட் ஸயன்ஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1968ல எழுதினது, ஒரு விஷயம் திரும்பத் திரும்ப கண்ணுல காதுல பட்டாலே நமக்கு அது மேல ஒரு பிடிப்பு வந்துரும்னு. ரேடியோக்காரங்க, விளம்பரக்காரங்க எல்லாரும் இதை நம்பித்தான் பொழப்பு நடத்துறாங்க. ஆனா அதுக்கப்புறம் டேனியல் பெர்லைன் மாதிரி ஆட்கள் இன்னொன்னையும் காட்டினாங்க, அந்தப் பிடிப்பு ஒரு உச்சிக்கு போயி அப்புறம் இறங்க ஆரம்பிக்கும், இன்னும் இன்னும் கேட்டா சலிப்பு, அதுக்கும் மேல போனா வெறுப்பு. வீட்டுல கேக்கிறவன் அந்த உச்சி தாண்டினதும் தானா வேற பாட்டுக்கு மாறிக்குவான். பஸ்ல உக்காந்திருக்கிறவன் எப்படி மாறுவான், இறங்கி நடக்கவா முடியும்?

அதுவும் ஹிட் ஆகுற பாட்டு சும்மா காதோட போறதும் இல்ல. 2016ல கெல்லி ஜாக்குபவ்ஸ்கிங்கிறவங்க 3000 பேர்கிட்ட கேட்டு வெளியிட்ட ஆய்வுல, மண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கிற பாட்டுகள் கொஞ்சம் வேகமானதா, சட்டுனு பழகிடுற மெட்டா, அங்கங்க எதிர்பாக்காத ஒரு தாவல் உள்ளதா இருக்குன்னு சொல்லியிருந்தாங்க, சமீபத்துல ஹிட் ஆன பாட்டுங்க தான் அதிகம் ஒட்டுதுன்னும் இருந்துச்சு. அதாவது பஸ்ல அரை மணி நேரம் போடுற பாட்டு அரை மணி நேரத்தோட முடியறது இல்ல, ஆபீஸ்ல கணக்கு பாக்கும்போதும் அந்த பல்லவி ஓடுது, ராத்திரி கண்ணை மூடினாலும் ஓடுது. பரீட்சைக்கு போற பிள்ளைங்க வழியில படிச்சுக்கிட்டே வருதுங்க, அதுங்க தலைக்குள்ள என்ன தங்கும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

இனி சொல்லப் போறது தான் எங்க மனுவுக்கு அடிப்படையே, தயவுசெஞ்சு இதை மட்டுமாவது முழுசா படிங்க. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள், 1972ல புத்தகமா வந்த அவங்க சோதனைகள்ல, ஆட்களை உக்கார வச்சு கன்னாபின்னான்னு சத்தத்தை போட்டு அதுக்கப்புறம் வேலை குடுத்தாங்க, விடை கிடைக்காத புதிரு, எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறது இந்த மாதிரி. சில பேருக்கு மட்டும் ஒரு பட்டன் குடுத்து, வேணும்னா இதை அழுத்தி சத்தத்தை நிறுத்திக்கலாம், ஆனா முடிஞ்சா அழுத்தாம இருங்கன்னு சொன்னாங்க. பெரும்பாலும் யாரும் அழுத்தல. சத்தம் எல்லாருக்கும் ஒண்ணு தான், ஆனா பட்டன் கையில இருந்தவங்க அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பொறுமையா புதிரோட மல்லுக்கட்டினாங்க, பிழையும் நல்லா கண்டுபிடிச்சாங்க, பட்டன் இல்லாதவங்க சீக்கிரம் விட்டுட்டாங்க. தொடாத ஒரு பட்டனே மனுஷனை காப்பாத்துது ஐயா! நாங்க கேக்கிறது அந்த பட்டனைத் தான்.

ஹிட் பாட்டை சுத்தி சுத்தி போடுற பழக்கமே அமெரிக்க ரேடியோவுல 1950கள்ல வந்ததுன்னு சொல்வாங்க, டாட் ஸ்டோர்ஸ்ங்கிற ரேடியோ முதலாளி, காசு போட்டா பாடுற பெட்டியில ஜனங்க ஒரே பாட்டையே திரும்பத் திரும்ப போட்டு கேக்கிறத பாத்துட்டு இந்த யோசனைக்கு வந்தார்னு கதை. கதை உண்மையோ இல்லையோ, அதுல ஒரு விஷயத்தை கவனிக்கணும், அந்த ஜனங்க சொந்தக் காசைப் போட்டு தானா தேர்ந்தெடுத்த பாட்டை கேட்டாங்க. எங்களை யாரும் கேக்கல.

இது புதுசா எங்களுக்கு மட்டும் வந்த கோபமும் இல்ல. அமெரிக்காவோட தலைநகர் வாஷிங்டன்ல பஸ்லயும் டிராம்லயும் ரேடியோ வச்சு பாட்டும் நடுநடுவுல விளம்பரமும் போட்டாங்க, ரெண்டு பயணிகள் அதை எதிர்த்து போராடி 1952ல அது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தீர்ப்பு பயணிகளுக்கு சாதகமா வரல, அதையும் மறைக்காம சொல்லிடுறோம், பயணிகள்ல பெரும்பாலானவங்க எதிர்க்கலன்னு சர்வே எல்லாம் அங்க காட்டினாங்க. ஆனா பிராங்பர்ட்டர்னு ஒரு நீதிபதி, இந்தப் பழக்கத்தால பாதிக்கப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன், அதனால நடுநிலையா இருக்க முடியாதுன்னு வழக்குல இருந்தே விலகிட்டார். டக்ளஸ்னு இன்னொரு நீதிபதி மத்தவங்களோட ஒத்துப் போகாம தனியா மாற்றுக் கருத்து எழுதினார், தனியா விடப்படுற உரிமை தான் எல்லா சுதந்திரத்துக்கும் தொடக்கம்னு. வேலைக்கு போறவனுக்கு அந்த வண்டியை விட்டா வேற வழி கிடையாதுங்கிறதையும் அவர் எடுத்துச் சொன்னார். எங்க நிலைமையும் அச்சு அசலா அது தான். 1969ல யுனெஸ்கோவோட சேர்ந்த சர்வதேச இசை கவுன்சில் பாரிஸ்ல கூடி, பொது இடத்துலயும் தனியார் இடத்துலயும் பதிவு பண்ண இசையை அளவு மீறி போடுறது மனுஷனோட அமைதிக்கான உரிமையை மீறுறதுன்னு ஒருமனதா தீர்மானம் போட்டாங்க. இசைக்காரங்களே கூடி போட்ட தீர்மானம் அது, இசை பிடிக்காதவங்க யாரும் அங்க உக்காந்திருக்கல.

பாட்டை ஆயுதமாவே பயன்படுத்தினதும் உண்டு. 1989 கடைசியில பனாமா நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் நோரியேகா அங்க வத்திக்கான் தூதரகத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தப்ப அமெரிக்க ராணுவம் வெளிய ஸ்பீக்கர் கட்டி ராக் பாட்டுகளை அலற விட்டுச்சு. அப்புறம் அமெரிக்க ராணுவத்தோட குவாண்டனாமோ சிறையில கைதிங்களுக்கு பாப் பாட்டு, குழந்தைங்க டிவி பாட்டெல்லாம் கூட விடாம போட்டதா செய்திகள் வந்து, அந்த இசைக்கலைஞர்களே எதிர்ப்பு தெரிவிச்சாங்க. பஸ்ல நடக்கிறது சித்திரவதைன்னு நான் சொல்ல வரல, அது அந்த மனுஷங்க பட்ட வேதனையை சின்னதாக்குற பேச்சு. ஆனா அங்க போட்டதும் கோடிக்கணக்கான பேர் விரும்பி வாங்கின அதே பாட்டுங்க தான்ங்கிறத மட்டும் யோசிச்சுப் பாருங்க.

எங்களை விட மோசம் ஊழியர்கள் நிலைமை. நாங்க இறங்கிப் போயிடுவோம். கண்டக்டர் ஷிப்ட் முழுக்க அதே இருபது பாட்டை கேக்கணும், கவுண்ட்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணு அதே சத்தத்துக்கு மேல கத்தி பேசி டிக்கெட் குடுக்கணும், சாயங்காலம் தொண்டை கட்டிப் போகுது. எங்க மனுவுல கையெழுத்து போட்ட கண்டக்டர் ஒருத்தர், வீட்டுக்கு போனா பிள்ளைங்க பாட்டு போட்டாலும் கோவம் வருதுங்க, முன்னெல்லாம் நானே பாடுவேன்னு சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல கேக்கக் கூடாதுங்குது, அதுக்கு மேல சத்தம் ஏற ஏற நேரம் ரொம்ப வேகமா குறையும். இன்ஜின் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு ஸ்பீக்கரை ஏத்துறாங்க, அப்ப அந்த ஊழியர் காதுக்கு என்ன கணக்குன்னு யாராவது ஒரு தடவையாவது மீட்டர் வச்சு அளந்திருக்கீங்களா?

காது மெஷின் போட்டவங்களுக்கு பின்னாடி பாட்டு ஓடினா எதிர்ல பேசுறது புரியறதே கஷ்டம். பார்வை இல்லாதவங்க எந்த ஸ்டாப் வந்திருக்குன்னு சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க, ஸ்டாப் பேரு சொல்றதே பாட்டுல அமுங்கிப் போகுது. ஆட்டிசம் இருக்கிற பிள்ளையை கூட்டிட்டு வர்ற அம்மா பாதி வழியில இறங்குறத நாங்க பாத்திருக்கோம். ஒற்றைத் தலைவலிக்காரங்கள பத்தி தனியா சொல்லவே வேணாம். இன்னும் சொல்லணும்னா, எங்களுக்கு தெரிஞ்ச பொண்ணு ஒருத்தியோட இறந்து போன அண்ணன் போன் ரிங்டோனா வச்சிருந்த பாட்டு ஒண்ணு இருக்கு, அது பஸ்ல வரும்போதெல்லாம் அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. மத்தவங்களுக்கு அது குத்துப் பாட்டு. யாருக்கு எந்தப் பாட்டு எங்க வலிக்கும்னு ஸ்பீக்கருக்கு தெரியாது.

ராத்திரி வண்டி ஓட்டுற டிரைவருக்கு தூக்கம் வராம இருக்க பாட்டு வேணும்னு சொல்றாங்க, நியாயம் தான், அவர் முழிச்சிருக்கிறது எங்க உயிர் சம்பந்தப்பட்டது. அவர் சீட்டுக்கு மேல மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைங்க, பின்னாடி இருக்கிற மத்த ஸ்பீக்கருக்கு வயரை கழட்டுங்க. ரோட்டு சத்தம் கேக்காத அளவுக்கு அவருக்கும் போகக் கூடாது. பெரும்பான்மை பயணிகளுக்கு பாட்டு பிடிக்குதேன்னு கேப்பீங்க. பிடிச்சவங்க கையில போன் இருக்கு, இயர்போன் இருக்கு, அவங்களுக்கு பிடிச்ச பாட்டையே கேட்டுக்கலாம், ஸ்பீக்கரை நிறுத்தினா அவங்க இழக்கிறது ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர் ஓடினா எங்களுக்கு தப்பிக்க இடமே இல்ல, காதுக்கு இமை கிடையாதே ஐயா. விளம்பர வருமானம் வருதுன்னு சொன்னா அந்த விளம்பரத்தை எழுத்தா ஸ்கிரீன்ல ஓட விடுங்க.

இன்னொன்னு பயணிகளே பண்றது. போன்ல ரீல்ஸ் போட்டு சத்தமா வச்சுக்கிறாங்க. முழுப் பாட்டு கூட இல்ல, அதே 15 செகண்ட், விரலைத் தள்ளினா வேற மூஞ்சி ஆனா அதே 15 செகண்ட். இதை சொல்லப் போனா சண்டை வருது, அதனால தான் ஒரு விதியா இருக்கணும்னு கேக்கிறோம். கண்டக்டர் காட்டுறதுக்கு ஒரு போர்டு இருந்தா பாதி சண்டை குறையும்.

ஆகவே ஐயா, பஸ்லயும் காத்திருக்கிற ஹால்லயும் ஸ்பீக்கர் ஸ்டாப் பேரு, அவசரச் செய்தி இதுக்கு மட்டும்னு ஒரு சுற்றறிக்கை போடணும். இயர்போன் இல்லாம போன்ல பாட்டு, வீடியோ போடக் கூடாதுன்னு எல்லா வண்டியிலயும் எழுதி ஒட்டணும். ரொம்ப தூரம் போற வண்டியில பாட்டு இருந்தே ஆகணும்னா சீட்டுக்கு சீட்டு இயர்போன் குத்துற வசதி வைங்க, அது முடியலன்னா பாட்டு இல்லாத வண்டி எதுன்னு டிக்கெட் எடுக்கும்போதே தெரியட்டும். சத்தத்தை குறைக்கச் சொல்ற ஊழியர் மேல மேலதிகாரி நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு அதே சுற்றறிக்கையில எழுதணும், இதை விட்டுட்டா மத்த எதுவும் நடக்காது, எங்க அனுபவத்துல சொல்றோம். ஊழியர்கள் வேலை பாக்கிற இடத்துல சத்தம் எவ்வளவுன்னு வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளந்து அந்த அளவை வெளியிடணும். உங்க துறை உதவி எண்ல லைன்ல காத்திருக்கிறப்ப வர்ற பாட்டை எடுத்துட்டு, இன்னும் எத்தனை பேர் முன்னாடி இருக்காங்கன்னு சொன்னா போதும்.

இதெல்லாம் ஒரே நாள்ல நடக்காதுன்னு எங்களுக்கும் தெரியும். அதனால முதல்ல ஒரு மாசத்துக்கு, நீங்களே தேர்ந்தெடுக்கிற சில வழித்தடங்கள்ல மட்டும் ஸ்பீக்கரை நிறுத்திப் பாருங்க, மாசக் கடைசியில பயணிகள்கிட்டயும் டிரைவர் கண்டக்டர்கிட்டயும் தனித்தனியா கருத்து கேளுங்க. கேக்கும்போது பாட்டு பிடிக்குமான்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னு தான் சொல்வாங்க. வேணாம்னு தோணினப்ப உங்களால நிறுத்த முடிஞ்சுதான்னு கேளுங்க. எந்த வழித்தடம், எந்தத் தேதியில ஆரம்பிக்கிறீங்கன்னு எழுத்து மூலமா பதில் அனுப்பினா அதை நாங்களே எல்லா பஸ் ஸ்டாப்லயும் ஒட்டிடுறோம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள பயணிகள் மற்றும் ஊழியர்கள்