மண்டபத்தின் இணையதளத்தில் சேர்த்த பின்னணி இசை குறித்த புகார்

அனுப்புநர்: கல்யாண மண்டப உரிமையாளர், கும்பகோணம்.

பெறுநர்: மேலாளர், இணையதள வடிவமைப்பு நிறுவனம்.

ஐயா,

எங்கள் மண்டபத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த இணையதளம் தை மாதம் முதல் நடந்துவருகிறது. படங்கள், வாடகை விவரம், தேதி பதியும் பக்கம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. என் புகார் பின்னணி இசையைப் பற்றியது.

இசை வேண்டும் என்று கேட்டவன் நான்தான். மண்டபத்துக்குள் நுழைந்தால் நாதஸ்வரம் காதில் விழுகிறதே, தளத்தைத் திறந்தாலும் அப்படியே இருக்கட்டும் என்றேன். உங்கள் ஆள் "செஞ்சிடலாம் சார்" என்றார். அதோடு சரி, மறுபேச்சு இல்லை. இசைக்கென்று தனியாக 4,500 ரூபாய் பில்லில் வந்தது.

உங்கள் அலுவலகத்தில் திறந்து காட்டியபோது கணீரென்று கேட்டது. வீட்டுக்கு வந்து என் போனில் திறந்தால் சத்தமே இல்லை. மகளின் லேப்டாப்பிலும் இல்லை. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2018 ஏப்ரலில் வந்த 66ஆம் பதிப்பிலிருந்தே குரோம் பிரவுசர், ஆள் தொடாமல் எதையும் சத்தத்தோடு ஓடவிடுவதில்லையாம். அடிக்கடி ஒலி கேட்ட தளம் என்றால் மட்டும் அந்தக் கணினியில் விட்டுக்கொடுக்குமாம். நாள் முழுக்க அதே பக்கத்தைச் சோதித்த உங்கள் கணினியில் கேட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மண்டபம் நடத்துகிற எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நான் போன் செய்து கேட்டதும் ஒரு வழி செய்தீர்கள். பக்கத்தில் எங்கே விரல் பட்டாலும் இசை தொடங்கிவிடும். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது. நீங்கள் போட்ட பதிவு கெட்டிமேளத்தில் தொடங்குகிறது. நிறுத்த ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வாடகை பார்க்கலாமென்று ஒரு பெண் தன் அலுவலகத்தில் தொட்டிருக்கிறார், தவில் அதிர்ந்து எல்லாரும் திரும்பிப் பார்க்க, பதறிப்போய்ப் பக்கத்தையே மூடிவிட்டார். அப்புறம் நேரில் வந்தபோது சொன்னார். வராமலே போனவர்கள் எத்தனை பேரோ!

மனதை மிகவும் வருத்தியது இன்னொரு அழைப்பு. பேசியவர் பார்வையில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர். பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிறார். திரையில் இருப்பதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும். "சாப்பாட்டு ஹால்ல எத்தனை பேர் சாப்பிடலாம்னு போன் படிக்குது தம்பி, மேளம் அதை அமுக்கிடுது. எப்படி நிறுத்துறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வேண்டிய விவரம் அத்தனையையும் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தானாக ஓடும் ஒலி 3 விநாடிக்கு மேல் போனால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வகுத்த இணைய அணுகல் விதிகள் 2008 முதலே சொல்கின்றன. அதுவும் அடிப்படை நிலையிலேயே.

அடுத்து, உரிமை. அந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "நெட்டுல எடுத்தது, தியாகராஜர் கீர்த்தனைதானே, யாரும் கேக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனைக்கு யாரும் உரிமை கேட்கப்போவதில்லைதான். ஆனால் ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியானதிலிருந்து 60 ஆண்டுக்கு அது நிற்கும். மேளக்காரர்களை வைத்தே பிழைக்கிற மண்டபம் எங்களுடையது. ஒரு வித்துவானின் வாசிப்பைக் கேட்காமல் எடுத்துப் போட்டோம் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்.

ஆகவே, தொட்டதும் இசை தொடங்கும் ஏற்பாட்டை இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவையும் நீக்குங்கள். எங்கள் மண்டபத்தில் வழக்கமாக வாசிக்கும் வித்துவானிடமே எழுத்தில் அனுமதி வாங்கி 2 நிமிடப் பதிவு ஒன்று அனுப்புகிறேன். "நாதஸ்வரம் கேட்க" என்று ஒரு பொத்தான் வையுங்கள். விருப்பமுள்ளவர் அழுத்திக் கேட்கட்டும், அதிலேயே நிறுத்தவும் முடிய வேண்டும். அழுத்தும்வரை அந்தக் கோப்பு இறங்கக் கூடாது. இப்போதுள்ள 4 நிமிடப் பதிவு 9 எம்பிக்கு மேல் இருக்கிறது, சிக்னல் குறைந்த ஊர்களிலிருந்து பார்ப்பவர்களுக்குப் படங்கள் வரவே நேரமாகிறது.

இந்த வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிய 4,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். வைகாசி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடுகிறவர்கள் இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அதனால் உடனே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மண்டப உரிமையாளர்