ஏ, பி, சி போதும் அம்மா

குரோய்டன், லண்டன்,
அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்தால் சொல்.

பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். நாலு வயது முடிந்து வருகிற செப்டம்பரிலேயே இங்கே 'ரிசப்ஷன்' என்கிற ஆரம்ப வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்பா போனில், "ரிசப்ஷனா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டது இன்னும் சிரிப்பு.

சேர்ப்பதற்கு முன் ஒரு தாள் கொடுத்தார்கள். தானாகக் கக்கூஸ் போய்க் கை கழுவ வேண்டும், கோட்டு மாட்ட வேண்டும், தன் பெயரைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். கோட்டுக்குத்தான் கோடை முழுக்கப் பாடுபட்டோம். உள்பக்கம் மேலே தெரிய அதைத் தரையில் விரித்து, காலர் காலடியில் வருகிற மாதிரி நின்று, இரண்டு கையையும் விட்டுத் தலைக்கு மேல் ஒரு வீசு. தானாக ஏறிக்கொள்கிறது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வீடியோவில் ஏ, பி, சி சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள். கோபப்படாதே. இங்கே எழுத்தின் பெயர் அப்புறம்தான், முதலில் ஒலி. எஸ் என்றால் பாம்பு சீறுகிற 'ஸ்ஸ்ஸ்'. டி என்றால் வெறும் 'ட்'. பெற்றோரைக் கூப்பிட்டு எங்களையும் சொல்ல வைத்தார்கள். மற்றவர்கள் 'ட' என்று உயிரைச் சேர்த்துச் சொல்லித் திட்டு வாங்கினார்கள். எனக்கு முதலில் 'இட்' என்றுதான் வந்தது, இக்கன்னா இங்கன்னா படித்த பழக்கதோஷம். ஆனால் புள்ளி வைத்துப் படித்தவளாயிற்றே, அடுத்த தடவை சரியாகிவிட்டது. நேற்று பாப்பா ப், இ, ன் என்று எழுத்துக்கூட்டி 'பின்' என்றாள்!

அடுத்த வகுப்பில் ஜூன் மாதம் ஒரு சோதனை உண்டாம். 40 சொல், அதில் 20 அர்த்தமே இல்லாத சொல், பக்கத்தில் ஒரு பூதத்தின் படம். மனப்பாடமா, எழுத்துக்கூட்டியா என்று பார்க்கத்தான்.

இன்னொன்று. வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஒரு வருடம் தமிழைக் குறைத்தேன் இல்லையா? டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உங்களுக்கு நன்றாக வருகிற மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்கிறார். அதனால் சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு மதியம் ஒன்றரை. சாப்பிட்டுவிட்டு உட்கார். வடை சுட்ட பாட்டி கதைதான் வேண்டுமாம். அந்தப் பாட்டியே நீதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் மகள்