நேற்று கரைத்த ஷாம்பூவை இன்று ஊற்றாதீர்கள்

தமிழ்நாட்டில் நாய்களுக்குக் குரூமிங் செய்யும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடார் மின்னிக்கு வயது ஐந்து. போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, குளிப்பாட்டி நகம் வெட்டுவதற்காக அவளைக் கடையில் விட்டேன். சாயங்காலம் கூட்டிவந்தபோது முடி பளபளத்தது, கார் முழுக்க ரோஜா வாசம். திங்கட்கிழமை காலை அவள் பாயை விட்டு எழவில்லை. தட்டில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. முதுகில் கை வைத்ததும் வீலென்று கத்தினாள். குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என்னிடம் உறுமாதவள் பல்லைக் காட்டினாள். மாடிப்படியில் சறுக்கி முதுகெலும்பில் அடிபட்டிருக்கும் என்று நினைத்து, பெட்ஷீட்டில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், 104 டிகிரி. பிறகு முதுகு முடியை விரலால் மெல்ல விலக்கினார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை, தண்டுவடத்தை ஒட்டி, மிளகு அளவில் கருஞ்சிவப்புக் கட்டிகள். சிலவற்றிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்து முடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ குளிப்பாட்டினீங்க?"

இதைத் தோல் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். குளித்த ஓரிரு நாளில் முதுகில் வரும் ஆழமான சீழ்த்தொற்று இது. பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. 2015-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் இப்படிப் பாதிக்கப்பட்ட 22 நாய்களைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தண்ணீரில் முங்கியதற்கோ குளிப்பாட்டும் பொருட்கள் பட்டதற்கோ பிறகு வந்த நோய் அது. வலி அவ்வளவு கடுமையாக இருப்பதால், தோலைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகெலும்புக் கோளாறு என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். மின்னியின் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வந்ததும் அதே பாக்டீரியாதான். ஆறு வாரம் மாத்திரை கொடுத்தோம். முதுகில் இரண்டு இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன், சண்டை போட அல்ல. குளிப்பாட்டும் தம்பி என்னை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். தொட்டிக்கு மேலே பலகையில் ஒரு பழைய இரண்டு லிட்டர் பாட்டில், மூடியில் ஆணியால் குத்திய ஓட்டை. ஐந்து லிட்டர் கேனில் வாங்கும் கெட்டி ஷாம்பூவை அதில் கொஞ்சம் விட்டு, குழாய்த் தண்ணீரால் நிரப்பிக் குலுக்கி வைப்பார். பாதி தீர்ந்ததும் அதன் மேலேயே மறுபடி ஷாம்பூ, மறுபடி தண்ணீர். பாட்டிலைக் கடைசியாக எப்போது கழுவினார் என்று கேட்டேன். "கழுவணுமா சார், உள்ள இருக்கறதே ஷாம்பூதானே" என்றார். கள்ளமில்லாமல் சொன்னார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார். அதனால்தான் அவர் ஒருவரிடம் மட்டும் பேசாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கேனில் இருக்கும் ஷாம்பூ கெடாமல் இருப்பதற்கு அதில் பாதுகாப்பு மருந்து சேர்த்திருக்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பது அந்தக் கெட்டித்தன்மைக்கு ஏற்பக் கணக்கிட்டது. ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீர் விட்டுக் கரைத்தால் அந்த மருந்தும் பதினொன்றில் ஒரு பங்குக்கு நீர்த்துப்போகிறது. சூடோமோனாஸ் ஈரம் தங்கும் இடமெல்லாம் வாழும் கிருமி. குழாய் முனை, பஞ்சு, வாளி, காயாத டவல் எதையும் விடாது. கரைத்த ஷாம்பூ ஒரு ராத்திரி நம் ஊர்ப் புழுக்கத்தில் இருந்தால் அதில் அது பெருக வேறென்ன வேண்டும்? நுரை வரும், வாசம் வரும், நிறம் மாறாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதை முதலில் ஊற்றுவது முதுகில். பிறகு முடியின் போக்குக்கு எதிராகப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால், முடி முளைக்கும் குழிக்குள் நாமே கிருமியைத் தள்ளிவிட்டதாகிறது.

அதனால் முதல் வேண்டுகோள் இது. வரும் நாய்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், அவ்வப்போது ஒரு மக்கில் கரையுங்கள். மிஞ்சியதைச் சாயங்காலம் கொட்டிவிடுங்கள். மக்கையும் பஞ்சையும் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காசு வீணாகிறதே என்று தோன்றும், தெரியும். ஒரு நாளைக்கு மிஞ்சுவது ஒரு மக் தண்ணீரில் இரண்டு மூடி ஷாம்பூ.

இரண்டாவது, எல்லா நாய்க்கும் ஒரே கேனா என்பது. நாயின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து செல் அடுக்கு தடிமன்தான். நம்முடையது பத்து முதல் பதினைந்து. நம் தோல் நன்றாகவே அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் பெரும்பாலும் 6-லிருந்து 7.5 வரை, நடுநிலைப் பக்கம். மனித ஷாம்பூவோ குளியல் சோப்போ வேண்டாம் என்பதற்கு இந்த பி.எச். கணக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியம் அந்த மெல்லிய தோல். அழுக்கெடுக்கும் சரக்கு கடுமையாக இருந்தால் தோலின் இயற்கை எண்ணெயும் சேர்ந்து போய்விடும். பிறகு செதில், அரிப்பு, சொறிதல், புண். போர்வெல் உப்புத்தண்ணீரில் சோப்புப் போட்டால் அந்தப் பிசுக்கு முடியிலேயே தங்குவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

லேபிளை நம்பலாமே என்றால், அங்கேயும் ஓட்டை இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் அழகுசாதனப் பொருள் என்று சொல்வது மனித உடலில் பூசுவதை மட்டும்தான். மருந்து கலந்த நாய் ஷாம்பூ அதே சட்டத்தில் மருந்து என்ற கணக்கில் வரும். வெறும் வாசனை ஷாம்பூ அழகுசாதனம் என்ற கணக்கில் வராது. 'இயற்கை', 'மூலிகை' என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கம் ஒரு வரிகூட எழுதாத பாட்டில்களை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பட்டியல் இல்லாததை வாங்காதீர்கள். மொத்தமாக வாங்குகிற நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் கம்பெனிக்கு உறைக்கும். நான் ஒருவன் சொன்னால் உறைக்காது.

மருந்து ஷாம்பூ விஷயத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. மழைக்காலத்தில் ஷிட்ஸு, பக், லேப்ரடார் இவற்றின் காதிலும் அக்குளிலும் விரல் இடுக்கிலும் ஒரு புளித்த வாடை வரும், விரல் இடுக்கு முடி பழுப்பேறியிருக்கும். பல சமயம் அது மலசீசியா என்ற ஈஸ்ட். ரோஜா வாசம் அதை மூடி மறைக்குமே தவிரப் போக்காது. அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடின், 2 சதவீதம் மைக்கோனசோல் சேர்ந்த ஷாம்பூ. அது வேலை செய்ய நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். கைக்கணக்கு வேண்டாம், சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள். கூட்டம் நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் அலசிவிட்டால், நாயின் சொந்தக்காரர் "இந்த மருந்து சரியில்லை" என்று அடுத்த மருந்துக்குப் போய்விடுவார். கண்ணில் மட்டும் அது படவே கூடாது. குளோர்ஹெக்ஸிடின் கருவிழியைப் புண்ணாக்கும். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உண்ணிக்கு ஊற்றும் ஷாம்பூ எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டில் பூனை இருக்கிறதா? பெர்மெத்ரின் என்ற மருந்தை நாய் தாங்கும். பூனைக்கு அது வலிப்பு வரவைத்து உயிரையே எடுக்கும், இரண்டும் ஒரே மெத்தையில் படுக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. கழுத்தில் சொட்டு மருந்து எப்போது விட்டீர்கள்? அதற்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது என்று பல சொட்டு மருந்துகளின் உறையிலேயே போட்டிருக்கும். கடையில் வைத்திருக்கும் டீ ட்ரீ எண்ணெயை நாலு சொட்டு கலந்துவிடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நீர்க்காத அந்த எண்ணெயால் நஞ்சேறிய 443 நாய், பூனைகளின் விவரம் 2014-ல் தொகுத்து வெளியானது. தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு என்று நீள்கிறது அந்தப் பட்டியல். பினாயில் வாசம் வரும் கிருமிநாசினியும் அப்படித்தான், அது தரைக்கு, தோலுக்கு அல்ல.

இனி கண்டிஷனர். இதை எல்லா நாய்க்கும் போட்டு இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இவற்றின் குட்டை முடிக்கு அது தேவையே இல்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுச் சிப்பிப்பாறைக்குக் கிணற்றடியில் எப்போதாவது நாலு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். கடைசிவரை அதன் உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. ஷிட்ஸு, லாசா, பூடில், கோல்டன் ரெட்ரீவர் போன்ற நீள முடிக்காரர்களுக்குத்தான் கண்டிஷனர் வேண்டும். ஷாம்பூ போட்ட முடியின் மேல் செதில் விரிந்து ஒன்றோடொன்று சிக்கும். கண்டிஷனர் அதைப் படியவைத்து வழுக்கவிடும், சீப்பு இழுக்காது. முடியின் நீளத்தில் தடவினால் போதும், தோலில் அப்ப வேண்டாம். நாய் தன் உடம்பை நக்கும் என்பதால் எதுவும் மிஞ்சாமல் அலசியாக வேண்டும். நெஞ்சுக்குக் கீழே வழியும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் இன்னொரு அலசல்.

சிக்கு விழுந்த முடியை நனைப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நனைந்தால் அது கம்பளிமாதிரி இறுகிவிடும், எந்தக் கண்டிஷனரும் அதை அவிழ்க்காது. கோல்டனின் அடிமுடி ஈரமாகவே வீட்டுக்குப் போனால் கார்த்திகைக் குளிரில் ஒரே ராத்திரியில் கன்னத்திலும் தொடையிலும் ஈரப்புண் வந்துவிடும். மேலே காய்ந்திருக்கும், அடியில் விரல் விட்டுப் பாருங்கள்.

நாயை விட வரும் எங்கள்மேலும் தப்பு இருக்கிறது. "நல்ல வாசமா இருக்கணும்" என்று சொல்வோமே தவிர, என்ன ஷாம்பூ என்று கேட்கமாட்டோம். நானும் கேட்டதில்லை. இனி கேட்பேன். கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கேனைக் காட்டுங்கள், எப்போது கரைத்தீர்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர் எழுதிய ஷாம்பூவை நாங்களே கொண்டுவந்தால் அதையே போடுங்கள், குளிப்பாட்டும் கூலியைக் குறைக்க வேண்டாம். உங்கள் கைவேலைக்கு அந்தக் காசு தகும்.

நான் போய்ப் பார்த்த அந்தத் தம்பி இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது நாலு மக் வைத்திருக்கிறார், கேனில் திறந்த தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறார். மின்னிக்கு முதுகு முழுதாக ஆறட்டும் என்று காத்திருக்கிறேன். தை பிறந்ததும் அவளை அங்கேயேதான் கூட்டிப்போகப் போகிறேன்.

அன்புடன்,
மின்னி வீட்டிலிருந்து