வேடந்தாங்கலில் கொஞ்சம் அமைதி காக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஜனவரியில் குடும்பத்தோடு வேடந்தாங்கல் போயிருந்தோம். கரையில் நடக்க நடக்க, தண்ணீருக்குள் நிற்கிற கடப்ப மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் கூடு கட்டி, குஞ்சுகள் இரைக்குக் கத்துகிற சத்தம் ஏரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது, என் மகள் பைனாகுலரைக் கீழே வைக்கவே இல்லை. அப்புறம் ஒரு கூட்டம் வந்தது. செல்போனில் சத்தமாகப் பாட்டு, கைதட்டிப் பறவைகளைக் கிளப்பிவிட்டு வீடியோ, போகும்போது கரையோரம் சிப்ஸ் கவர்கள். மனசு கேட்கவில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், முறைத்தார்கள்.

இந்த ஏரியை முதலில் காத்தது அந்த ஊர் மக்கள்தான். பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளைக்காரர்களிடமே முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது! 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி சேர்ந்துவிட்டது.

சீசன் நேரத்தில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில், கரை நெடுக ஆட்களை நிறுத்திச் சத்தம் போடுபவர்களைத் தடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். வருகிறவர்களும் பாட்டைக் காரிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஒரு வாசகர், தாம்பரம்